மூளைச்சலவையா, கைவிஷமா?

“சாரே, என் பையனுக்கு யாரோ கைவிஷம் கொடுத்திருக்கிறார்கள்” என்றார் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய். குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே இப்படிச் சொன்னால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்; ஆளை மயக்க எதையோ உணவில் கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பையன் பொறியியல் படித்தவன். ஆளுக்கு ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் ஒரு சங்கிலி வியாபாரக் குழுவில் சேர்ந்திருந்தான். ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் கூட்டம். தாயின் வளையல்கள் அடகுக்குப் போயின. வீட்டுத் திண்ணையில் சலவைத்தூள் டப்பாக்கள் மலைபோல் குவிந்தன. வாங்க ஆள் இல்லை. அறிவுரை சொல்ல வந்த தாய்மாமனை “எதிர்மறை ஆள்” என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டான். அவனுடைய கல்லூரி நண்பன் என்னிடம் சொன்னது வேறு சொல்: “மூளைச்சலவை செய்துவிட்டார்கள்.”

ஒரே பையன், ஒரே நிலை, இரண்டு சொற்கள். படித்தவர் சொல் சரி, தாயின் சொல் மூடநம்பிக்கை என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். சொற்களின் ஊரைத் தேடிப் போனபிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

மூளைச்சலவை என்பது பெயர்ப்பின் பெயர்ப்பு. சீனத்தில் ‘ஷி நாவ்’ என்றொரு தொடர். ஷி என்றால் கழுவுதல், நாவ் என்றால் மூளை. ‘இதயத்தைக் கழுவுதல்’ என்ற பழைய தொடர் ஒன்றும் அங்கே உண்டு. அது மனத்தூய்மையைக் குறிப்பது. மக்களின் எண்ணங்களை மாற்றும் தன் திட்டத்துக்குச் சீனத்தில் மாவோவின் ஆட்சி வைத்த அலுவல் பெயர் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’. மூளை கழுவுதல் மக்கள் வாயில் வழங்கிய பேச்சு. எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் 1950 செப்டம்பரில் அதை ‘பிரெயின்வாஷிங்’ என்று ஆங்கிலத்தில் ஆக்கி நாளிதழில் எழுதினார். 1953இல் கொரியப் போர் நின்றபோது, சிறைபிடிக்கப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களில் 21 பேர் தாய்நாடு திரும்ப மறுத்தார்கள். மூளையையே கழுவிவிட்டார்கள் என்று அமெரிக்கா நடுங்கியது. நடுக்கத்தில் பிறந்த சொல் உலகமெங்கும் பரவித் தமிழுக்கும் வந்துசேர்ந்தது.

ஆக, இந்தச் சொல்லின் பிறந்த வீடு சிறைக்கூடம். முள்வேலி, பட்டினி, தூக்கமின்மை, துப்பாக்கியோடு நிற்கும் காவலன். நம் பையனுக்கு இதில் எதுவும் இல்லை. அவன் தன் பைக்கில், தானே பெட்ரோல் போட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

இன்னொரு குறையும் இருக்கிறது. சலவை என்றதும் ஒரு முறை துவைத்துப் பிழிந்து காயப்போடுவது நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் துணியை ‘அலக்குவது’ என்போம். அலக்குகல்லில் நாலு அடி, முடிந்தது வேலை. இந்தக் குழுக்கள் நாலு அடியில் வேலையை முடிப்பதில்லை. சலவைத் தொழிலிலிருந்துதான் உவமை வேண்டும் என்றால் நான் வெள்ளாவியைச் சொல்வேன். உவர்மண்ணில் தோய்த்த துணியை அடுக்கி, வாயை மூடி, அடியில் மெல்லத் தீ மூட்டி இரவு முழுவதும் ஆவியில் வைப்பார்கள். துணிக்கு அடி விழாது. வெளிக்காற்று மட்டும் படாது.

கைவிஷத்துக்கு வருவோம். பெயரிலேயே பொருள் இருக்கிறது: கையால் கொடுக்கும் விஷம். பிறரைத் தன் பிடிக்குள் கொண்டுவர உணவில் கலந்து கொடுப்பது, அது வயிற்றில் செரிக்காமல் ஒட்டிக்கொண்டு ஆளை மாற்றிவிடும் என்பது நம்பிக்கை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவர்கள். இந்தச் சொல் இன்றைய கேரள எல்லைக்கு இருபுறமும் வாழ்கிறது. கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே திருவிழா என்ற ஊரில் உள்ள மகாதேவர் கோயிலில் இதை வாந்தியாக வெளியேற்ற மருந்து கொடுக்கிறார்கள். தமிழகத்தின் பிற பகுதிகளில் இதுவே இடுமருந்து, மருந்தீடு.

வயிற்றில் அப்படி எதுவும் ஒட்டுவதில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த நம்பிக்கையை வைத்துப் பணம் பறிக்கும் மந்திரவாதிகளும் நிறைய. மகனை மீட்கப் போய் அம்மாக்காரி இன்னொருவன் பிடியில் விழுவது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனாலும் சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். கொடுப்பது பகைவன் அல்லன், உரிமையோடு உணவு பரிமாறும் கை. வாங்குபவன் விரும்பித் தின்கிறான். உள்ளே போனது அவனுக்கே தெரியாது. குழுக்கள் ஆள் பிடிப்பதைப் பற்றி எழுதுபவர்கள் ‘அன்பு மழை’ என்ற முதற்கட்டத்தைச் சொல்கிறார்கள். புதிதாக வந்தவனைத் தழுவிக்கொள்வது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது, அவன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கைதட்டுவது. வேலை கிடைக்காமல் இரண்டு ஆண்டு வீட்டில் ஏச்சு வாங்கிய பையனுக்கு அந்தக் கைதட்டல் எப்படி இனித்திருக்கும்! சிறைக்கூடத்துச் சொல்லில் இந்த இனிப்புக்கு இடமே இல்லை. தாயின் சொல்லில் இருக்கிறது.

நம் மந்திர மரபு அட்டகருமம் என்று எட்டுச் செயல்களைச் சொல்லும்: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம். மந்திரத்தை விட்டுவிட்டு வினையை மட்டும் பாருங்கள். ஆகருஷணம் இழுப்பது. மோகனம் மயக்குவது. தம்பனம் அசையவிடாமல் நிறுத்துவது. பேதனம் உறவைப் பிரிப்பது. வித்துவேஷணம் பிரிந்தவர்மேல் வெறுப்பை ஊட்டுவது. தாய்மாமன் வாசலோடு திரும்பியது பேதனமும் வித்துவேஷணமும் முடிந்த கட்டத்தில். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனச் சிந்தனைச் சீர்திருத்தத்திலிருந்து வெளிவந்தவர்களிடம் பேசி 1961இல் எட்டுக் கூறுகளைப் பட்டியலிட்டார். எட்டுக்கு எட்டு தற்செயல். ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது, பொருந்தவில்லை.

லிஃப்டன் பட்டியலில் சொல் ஆராய்பவன் தாண்டிப்போக முடியாத ஒன்று உண்டு: மொழியில் சுமை ஏற்றுதல். குழுவுக்கென்று சில தொடர்கள் இருக்கும். குட்டையானவை, நாவில் உருள்பவை. கேள்வி எழுந்ததும் அந்தத் தொடரை எடுத்துப் போட்டால் சிந்தனை அங்கேயே நின்றுவிடும். ‘எதிர்மறை ஆள்’ அப்படிப்பட்டது. சங்கிலி வியாபாரத்தில் ‘கனவுத் திருடன்’ என்பதும் அப்படியே. கணக்கைக் காட்டு என்று கேட்ட தகப்பன் கனவுத் திருடன் ஆகிறான். கணக்கு கேட்கப்படாமலே போகிறது. ஆன்மிகக் குழுவில் இதே வேலையை ‘அகங்காரம்’ என்ற சொல்லோ ‘விசுவாசக் குறைவு’ என்ற சொல்லோ செய்யும். அந்தச் சொற்களுக்கு வெளியே நல்ல பொருள் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

இத்தகைய குழுக்களை ஆங்கிலத்தில் ‘கல்ட்’ என்பார்கள். அதுவும் சிந்தனையை நிறுத்தும் வசைச்சொல்லாகிவிட்டதால் ஆய்வாளர் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். லத்தீனில் அதன் வேர் வழிபாட்டையும் பேணுதலையும் குறிப்பது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. என்ன நம்புகிறார்கள் என்பதைவிட எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க ‘உயர் கட்டுப்பாட்டுக் குழு’ என்கிறார்கள். இந்தச் சொல் எனக்கு மின்வாரிய அறிவிப்புப்போல ஒலிக்கிறது. இறுகுபிடிக் குழு என்றால் போதும். உடும்புப்பிடி என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, ஆனால் உடும்புதான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும், சுவர் உடும்பைப் பிடிப்பதில்லை. சில வேளை உண்மையும் அதுதான்.

பிறரைத் தந்திரமாக இயக்குவதைக் குறிக்கும் ‘மானிப்புலேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘கையாளுதல்’ என்று பெயர்க்கிறார்கள். லத்தீன் ‘மானுஸ்’ கையைக் குறிப்பதால் வேர்ப்பொருள் ஒத்துவரும், வழக்கு ஒத்துவராது. சொல்லைக் கையாள்வதும் சிக்கலைக் கையாள்வதும் தமிழில் திறமை. இதற்கு ‘ஆட்டுவித்தல்’ இருக்கிறது. குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விளக்கொளியில் திரையில் தெரிவது பாவை, கை தெரியாது.

அப்படியானால் மொத்தச் செயலுக்கும் பெயர்? என் தேர்வு ‘வயப்படுத்தல்’. வசம் என்பதன் தமிழ் வடிவம் வயம். சைவ மரபு இறைவனுக்குச் சொல்லும் எட்டுக் குணங்களில் ஒன்று தன்வயத்தனாதல், அதாவது பிறர் பிடியில் இல்லாமல் தன் பிடியில் தான் இருத்தல். இறைவனுக்கு அது முழுமையாக வாய்க்கும். நமக்கு அரைகுறையாக. அந்த அரைகுறையையும் பறிப்பதுதான் வயப்படுத்தல். காதல்வயப்படுதல், கோபவயப்படுதல் என்று பழகிய சொல்லாகையால் வாசகர் தடுமாறமாட்டார். வயப்படுத்தினார்கள், வயப்பட்டான், வயம் மீண்டான் என்று வினைகளும் எளிதாக அமைகின்றன. ‘மூளைச்சலவை நீக்கம்’ என்பதைவிட ‘வயமீட்சி’ நாவுக்கு நல்லது.

சட்டத்துக்கு இது புதிதல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருந்து முறையற்ற ஆதாயம் பெற்றால் அதைத் தகாச் செல்வாக்கு என்கிறது. மறுமையில் நன்மை கிடைக்கும் என்று சொல்லி முதியவரின் சொத்தையெல்லாம் குரு ஒருவர் எழுதி வாங்கிய அலகாபாத் வழக்கு, 1890இலேயே இதற்கு எடுத்துக்காட்டானது. தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைச் செயல்படவைப்பது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 354ஆம் பிரிவில் குற்றம். இங்கிலாந்து 2015இல் வயப்படுத்தலையே குற்றமாக்கியது, ஆனால் இணையருக்கும் குடும்பத்துக்கும் உள்ளே நடப்பதை மட்டும்.

பையன் ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்தான். யாரும் இழுத்து வரவில்லை. தாய்மாமன் மட்டும் அத்தனைக்குப் பிறகும் வாரம் ஒருமுறை போனில் “சாப்பிட்டாயா மக்களே” என்று, பிள்ளையை எங்கள் ஊர் அழைக்கும் செல்லச் சொல்லில், கேட்டு வைத்துவிடுவாராம், வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். தாய் இப்போதும் கைவிஷம் இறங்கிவிட்டது என்றுதான் சொல்கிறார். நான் திருத்தவில்லை. வயப்படுத்தல் பற்றி விளக்க ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் துணி அலக்கிக்கொண்டிருந்தார். “இந்தத் தூளில் நுரையே வராது சாரே” என்றார். “இன்னும் நாற்பது டப்பா கிடக்கிறது. உங்களுக்கு இரண்டு தரட்டுமா?”