புதைபடிவம் எத்தனையாம் படிவம்?

என் அக்காள் மகள் சுங்கை சிப்புட்டில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். போன பள்ளி விடுமுறையில் ஏதோ ஒரு தமிழ் இதழைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மாமா, நான் இரண்டாம் படிவம். புதைபடிவம் எத்தனையாம் படிவம்?" என்றாள். கேலிதான். ஆனால் மலேசியத் தமிழர் காதில் அந்தச் சொல் அப்படித்தான் விழும். இங்கே படிவம் என்றால் ஒன்று இடைநிலைப்பள்ளி வகுப்பு. இல்லையென்றால் அரசாங்க அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாள். கல்லுக்குள் கிடக்கும் மீன் முள் யாருக்கும் நினைவு வராது. அதனால் மலாய்க்காரர்களோடு சேர்ந்து நாமும் ஃபோசில் என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

படிவம் என்பதன் வேர் 'படி'. ஆற்றில் வண்டல் படிகிறது, அலமாரியில் தூசி படிகிறது. படிந்து அமைந்த உருவம் படிவம். மண் படிந்து மூடியது, உருவம் தங்கியது என்ற இரண்டு செய்தியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன; இதைவிடச் சிக்கனமாக ஒரு கலைச்சொல் அமைப்பது கடினம். புதைபடிவம் வினைத்தொகை: புதைந்த, புதைகின்ற, புதையும் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கும். ஊறுகாய், சுடுசோறு போல. ஆகவே இடையில் ஒற்றுப் போட்டு 'புதைப்படிவம்' என்று எழுதுவது பிழை. நாளிதழ்களில் இந்த 'ப்' அடிக்கடி கண்ணில் படுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கப் படம் வேண்டாம். பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு போன பிறகும் ரப்பர் மரம் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அது மரத்தில் கட்டிய மங்கிலேயே (பால் வடியும் கிண்ணம்) உறைந்து கட்டிப்பாலாகிவிடும். மறுமுறை போகும்போது அதைப் பிடுங்கிச் சாக்கில் போடுவது சிறுவயதில் என் வேலை. சில மங்குகளில் இலை விழுந்து கிடக்கும். உளுத்துப்போன இலையை நகத்தால் சுரண்டி எடுத்தால், நடு நரம்பும் கிளை நரம்பும் பாலில் அப்படியே குழிந்து பதிந்திருக்கும். இலை போய்விட்டது, இலையின் படிவம் இருக்கிறது. எறும்பு விழுந்திருந்தால் கதை வேறு: எறும்பே உள்ளே இருக்கும். பாறையிலும் இந்த இரு வகையும் உண்டு. அச்சு மட்டும் மிஞ்சுவது ஒன்று. ஓடோ எலும்போ பல்லோ தானே மிஞ்சுவது இன்னொன்று. மூன்றாம் வகைக்குத் தமிழ்நாட்டு மக்களே பெயர் வைத்துவிட்டார்கள்: கல்மரம். நிலத்தடி நீரில் கரைந்து வரும் சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து இறுக, மரம் கல்லாகிறது. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் அப்படிக் கிடக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். பூசையறைச் சாளக்கிராமமும் புதைபடிவம்தான். கண்டகி ஆற்றுக் கல்லில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓட்டுச் சுருள்.

இனி ஃபாசில் என்ற ஆங்கிலச் சொல். இலத்தீனில் 'ஃபோடெரே' என்றால் தோண்டுதல், 'ஃபோசிலிஸ்' என்றால் தோண்டியெடுத்தது. அவ்வளவுதான். உயிர் என்ற பேச்சே அதில் இல்லை. 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா ஃபாசில்களைப் பற்றி எழுதிய நூல் பெரும்பாலும் தாதுக்களையும் கற்களையும் பற்றியது. அந்தக் கணக்கில் எங்கள் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய வெள்ளீயம் முழுவதும் ஃபாசில்தான். கல்லில் கிடைத்த பல், உண்மையிலேயே ஒரு சுறாவின் பல்தான் என்று டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1667இல் எடுத்துக்காட்டினார். அதற்குப் பிறகுதான் சொல்லின் பொருள் மெல்ல மெல்லக் குறுகி, பழைய உயிர்களின் மிச்சம் என்று நின்றது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் அவிழும். நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் 'புதைபடிவ எரிபொருள்' என்கிறோம். பெட்ரோலில் என்ன படிவம் இருக்கிறது? ஆங்கிலத்தில் 'ஃபாசில் ஃபியூயல்' என்ற தொடர் பிறந்தபோது 'மண்ணிலிருந்து தோண்டிய எரிபொருள்' என்ற பழைய பொருளே இருந்தது. நாம் புதிய பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டோம். 'புதைவு எரிபொருள்' போதும் என்பது என் கட்சி.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஓடுள்ள சிப்பி வகைகளையும் மலாயில் சிப்புட் என்பார்கள். (சிப்பியும் சிப்புட்டும் உறவா என்று கேட்காதீர்கள். ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது.) ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தால் செமோர் பக்கம் செங்குத்தான வெண்குன்றுகள் நிற்கும். வெடிவைத்து உடைத்த முகங்கள் பல் விளக்கியதுபோல் வெளுத்திருக்கும். அந்தக் குன்றுகளை யார் கட்டியது என்று பார்க்க, தொழிற்சாலையில் ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் ஒரு சொட்டுப் போதும். சிறுவயதில் அதைத் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறோம். சொட்டு விழுந்த இடம் புஸ்ஸென்று நுரைக்கும். வெளியேறும் குமிழி கரியமில வாயு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் கரைந்திருந்த அந்த வாயுவைச் சுண்ணத்தோடு சேர்த்து ஓடு கட்டியவை பவளங்கள், சிப்பிகள், கண்ணுக்கே தெரியாத ஒருசெல் உயிர்கள். அவை செத்து விழுந்து அடுக்கானதுதான் சுண்ணாம்புப் பாறை.

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு டெவோனியன் என்ற நிலவியல் காலம் முதல் பெர்மியன் காலம் வரை, அதாவது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடலில் படிந்தது. தொடக்கத்தில் இந்த நிலம் ஆசியாவிலேயே இல்லை. கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்தின் விளிம்பில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்தது. பிறகு கழன்று வடக்கே நகர்ந்து வந்து, இன்று தீபகற்பத்தின் கிழக்குப் பாதியாக இருக்கும் நிலத்தோடு மோதியது. அந்த மோதலில் அடியிலிருந்து எழுந்த கருங்கல் குழம்புதான் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தித்திவங்சா மலைத்தொடராக உறைந்தது. வெள்ளீயத்தைக் கொண்டுவந்தது அது. மழை மலையைக் கரைத்து ஈயத் தாதைப் பள்ளத்தாக்குக்கு உருட்டிவர, சுண்ணாம்புத் தரையின் குழிகளும் பிளவுகளும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. செத்த கடலுயிர்கள் செய்த தரை, மலை கொடுத்த ஈயத்துக்கு உண்டியலாயிற்று. அந்த உண்டியலை உடைக்கத்தான் எத்தனையோ பேர் கப்பலேறி இங்கு வந்தார்கள்.

ஈயம் தோண்டியவர்களால் படிவங்களும் வெளியே வந்தன. 1968இல் நிலவியலாளர் டி.சுந்தரலிங்கம் கிந்தா பள்ளத்தாக்கின் கம்பார் ஊருக்கு மேற்கேயுள்ள சுண்ணாம்பு அடுக்குகளை வரிசைப்படுத்தி எழுதியபோது, அடுக்குகளுக்கு ஈயச் சுரங்கங்களின் பெயர்களையே வைத்தார். அவற்றில் ஒன்று எச்.எஸ்.லீ அடுக்கு. அங்கே கிடைத்தவற்றில் ஃபுசுலினிட் என்பவை உண்டு: நெல்மணி போன்ற ஓடு, உள்ளே இருந்ததோ ஒரே செல் உயிர். தோண்டியது, படிந்தது, உயிர்த்தது மூன்றும் ஒரே குழியில் சந்தித்த இடம் அது.

ஆனால் எல்லாக் குன்றிலும் படிவத்தைத் தேடக் கூடாது. அந்தக் கருங்கல் குழம்பின் வெப்பத்தில் சுண்ணாம்பு வெந்து பல இடங்களில் பளிங்காகிவிட்டது. ஓடுகளின் உருவம் அழிந்து சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாக மின்னுகிறது. உயிர் செய்த பாறைதான், ஆனால் அதில் படிவம் இல்லை. இங்கேதான் நம்மிடமுள்ள இன்னொரு சொல் உதவுகிறது: தொல்லுயிர் எச்சம்.

எச்சம் என்றால் எஞ்சியது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்ற குறளில் ஒருவர் விட்டுச்செல்வது எச்சம். இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் முடியாமல் நின்று இன்னொரு சொல்லுக்குக் காத்திருப்பவை. பாறைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மீதி உயிரை ஊகிப்பவருக்கு இந்தப் பொருள் பிடிக்கும்.

ஆகவே நான் இப்படிப் பிரித்து எழுதுகிறேன். உருவம் தெரிந்தால் புதைபடிவம். உருவம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பழைய உயிரின் மிச்சம் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தொல்லுயிர் எச்சம். கம்பாரின் நெல்மணி ஓடு இரண்டும்தான். வெந்துபோன பளிங்குக் குன்று எச்சம் மட்டுமே. மரம் கல்லானால் கல்மரம் என்ற ஊர்ச்சொல்லை விட்டுவிட்டு வேறு தேட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் மருமகள், "குன்று முழுக்க எச்சமா? காக்காய் எச்சமா?" என்று சிரித்தாள். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்தச் சுண்ணாம்புக் குகைகளில் தங்கும் வௌவால்கள் இரவில் டுரியான் பூவுக்குத் தேன் குடிக்கப் போய் மகரந்தம் கடத்துகின்றன. விடியும் முன் திரும்பி வந்து குகைத் தரையில் அவை போடுவதும் எச்சம்தான். அது கல்லாகிக் கிடைத்தால் அதற்கும் தொல்லுயிர் எச்சம் என்றுதான் பெயர்.

மறுநாள் மாலை பழைய ஈயக் குட்டைக்குப் போனோம். நீர் வற்றிய ஓரத்தில் நத்தை ஓடுகள் பாதி சேற்றுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தன. அவள் ஒன்றைக் காலால் அழுத்திவிட்டு, "இது புதைகின்ற படிவம்" என்றாள்.