பிழை காட்டாமல் ஓடி முடிந்த சிமுலேஷன்

துகள் இயற்பியல் டிடெக்டரைக் கணினிக்குள் கட்டிப் பார்க்கும் மாணவர்களின் முடிவுகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நிரல் பாதியில் நின்றுபோனால் எனக்குக் கவலை இல்லை. காரணத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லாமல் ஓடி முடிந்து, மணி மணியாக ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டால்தான் கவலை. தப்பான விடையும் அதே அழகோடுதான் வரும்.

இந்தத் துறையில் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்துவது ஜியன்ட்4 என்ற சிமுலேஷன் மென்பொருள். ஃபோர்ட்ரானில் இருந்த ஜியன்ட்3-க்கு அடுத்ததாக, சி++ மொழியில் புதிதாக எழுதப்பட்டு 1998 டிசம்பரில் முதல் பதிப்பு வெளிவந்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் டிடெக்டர்களின் முழு சிமுலேஷனும் இதில்தான் நடக்கிறது. விண்கலங்கள் மேல் விழும் கதிர்வீச்சைக் கணக்கிடவும், கேட், டோபாஸ் போன்ற மென்பொருள்கள் வழியாக மருத்துவக் கதிர்வீச்சு ஆய்வுகளுக்கும் அடியில் இருப்பது இதுவே. இலவசம், சாதாரண மடிக்கணினியில் நிறுவி அன்று மாலையே ஒரு எடுத்துக்காட்டை ஓட்டிவிடலாம். அந்தச் சுலபம் நல்லதுதான். ஆனால் அதனாலேயே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பலர் நகர்ந்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். டிடெக்டரின் வடிவத்தையும் பொருள்களையும் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். மென்பொருள் ஒரு துகளை உள்ளே விட்டு, சின்னச் சின்ன எட்டு வைத்து நகர்த்துகிறது. ஒவ்வொரு எட்டிலும் சமவாய்ப்பு எண் எடுத்து, அடுத்த மோதல் எங்கே, என்ன மோதல், அதில் என்ன பிறக்கிறது என்று முடிவு செய்கிறது. பிறந்தவற்றையும் அதே மாதிரி நகர்த்துகிறது. நீங்கள் வாய் திறந்து சொல்லாத விஷயங்களுக்கெல்லாம் அது ஒரு இயல்பு மதிப்பை வைத்துக்கொள்ளும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதில் முதலாவது ‘புரொடக்‌ஷன் கட்’. மின்னூட்டம் கொண்ட துகள் ஒரு பொருளுக்குள் போகும்போது எண்ணற்ற சிறிய எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். எல்லாவற்றையும் தனித்தனியே பின்தொடர்ந்தால் கணக்கு என்றைக்கும் முடியாது. அதனால் ஒரு வரம்பு: அந்தப் பொருளில் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் போகக்கூடிய எலக்ட்ரானை மட்டும் தனித் துகளாக உருவாக்கு, மற்றவற்றின் ஆற்றலை அந்த எட்டிலேயே தாய்த் துகளின் இழப்பாகச் சேர்த்துவிடு. சில்லறையை எண்ணாமல் அந்தந்தக் கல்லாவிலேயே மொத்தமாக வரவு வைப்பது போல. மொத்தத் தொகை தப்பாது. எந்தக் கல்லாவில் விழுந்தது என்பதுதான் மாறிப்போகும். இந்தத் தூரத்தின் இயல்பு மதிப்பு 0.7 மிமீ.

ஜியன்ட்4-உடன் வரும் பி4 எடுத்துக்காட்டைப் பலரும் ஓட்டியிருப்பீர்கள். 10 மிமீ காரீயம், 5 மிமீ திரவ ஆர்கான், இப்படி 10 அடுக்கு கொண்ட கலோரிமீட்டர், அதாவது துகளின் ஆற்றலை அளக்கும் கருவி. ஓட்டம் தொடங்கும்போது திரையில் ஒரு அட்டவணை ஓடும். யாரும் அதைப் படிப்பதில்லை. அதே 0.7 மிமீ, காரீயத்தில் எலக்ட்ரானுக்குச் சுமார் 1 எம்இவி (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் என்றும், திரவ ஆர்கானில் சுமார் 0.34 எம்இவி என்றும் அதில் எழுதியிருக்கும். அதாவது, காரீயத்துக்குள் அயனியாக்கத்தில் தட்டப்படும் 0.8 எம்இவி எலக்ட்ரான் தனியாகப் பிறக்கவே பிறக்காது. அது ஆர்கானை ஒட்டிய ஓரத்தில் தட்டப்பட்டிருந்தால், நிஜத்தில் எல்லையைத் தாண்டி ஆர்கானில் கொஞ்சம் ஆற்றலைக் கொட்டியிருக்கும். இங்கே அது காரீயத்தின் கணக்கில் போய்விடுகிறது. கலோரிமீட்டர் அளப்பது ஆர்கானில் விழுவதை மட்டும்தானே.

ஒளிமின் விளைவிலும் காம்ப்டன் சிதறலிலும் பிறக்கும் எலக்ட்ரான்களுக்கு இந்த வரம்பு இயல்பாகப் பொருந்தாது. அவை எப்படியும் உருவாகும். அதேபோல் வரம்பைத் தாண்டிப் பிறந்த துகளை நடுவழியில் கொல்வதும் இல்லை, அது நிற்கும்வரை தொடரும். ‘கட் வைத்தால் துகள் அதற்குக் கீழே காணாமல் போகும்’ என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அது ஜியன்ட்4-க்குச் சரியில்லை.

சிலிக்கானில் கதை இன்னும் மோசம். தடங்காணும் சிலிக்கான் உணரிகள் பல சுமார் 300 மைக்ரான் தடிமனில் இருக்கும். வரம்போ 700 மைக்ரான். உணரியின் தடிமனைவிடப் பெரிய வரம்பை வைத்துவிட்டு, டெல்டா எலக்ட்ரான்கள் (துகள் தட்டிவிடும் எலக்ட்ரான்கள்) பக்கவாட்டில் ஓடி மின்னூட்டத்தைச் சிதறடிப்பதை அதற்குள் தேடினால் எங்கே கிடைக்கும்? இடத் துல்லியம் நிஜத்தைவிட நன்றாகத் தெரியும். பார்ப்பவர்களுக்கும் மகிழ்ச்சி.

இதற்கு நான் கேட்பது ஒரே சோதனை. வரம்பை 0.7, 0.1, 0.01 மிமீ என்று குறைத்து மூன்று முறை ஓட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவு, ஆர்கானில் விழும் ஆற்றலோ இடத் துல்லியமோ, எங்கே அசையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். டிடெக்டர் முழுவதற்கும் வரம்பைக் குறைத்தால் ஓட்டம் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே ‘ரீஜன்’ என்ற தனிப் பகுதி வகுத்து உணரிக்கு மட்டும் குறைத்தால் போதும்.

அடுத்தது ‘ஃபிசிக்ஸ் லிஸ்ட்’, எந்த மோதலுக்கு எந்தக் கணக்கீட்டு மாதிரி (மாடல்) என்று தொகுத்து வைத்திருக்கும் பட்டியல். எஃப்டிஎஃப்பி_பெர்ட் உயர் ஆற்றல் பரிசோதனைகளுக்காக வடிவமைக்கப்பட்டது, அந்த வேலைக்கு நல்ல பட்டியல். அதை எடுத்து வெப்ப நியூட்ரான் (வேகம் தணிந்த நியூட்ரான்) டிடெக்டருக்கு மாட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பட்டியலுக்குள் ஒரு நேர வரம்பு ஒளிந்திருக்கிறது: 10 மைக்ரோவிநாடிக்கு மேல் உயிரோடு இருக்கும் நியூட்ரானை அது கொன்றுவிடும். செர்னின் எல்ஹெச்சி துகள் முடுக்கியில் 25 நானோவிநாடிக்கு ஒரு முறை கற்றைகள் மோதும்போது அந்த நியூட்ரானால் யாருக்கும் லாபமில்லை, சரி. ஆனால் பாலிஎத்திலீனில் வேகம் தணிந்து ஹீலியம்-3 குழாய்க்குள் போய் மாட்ட வேண்டிய நியூட்ரானுக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் தேவைப்படலாம். எண்ணிக்கை குறையும், டிடெக்டரின் திறன் மோசம் என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். நியூட்ரான் முக்கியமென்றால் ஹெச்பி என்று முடியும் பட்டியலை எடுங்கள். அது 20 எம்இவி-க்குக் கீழே அளந்து மதிப்பிட்ட தரவுகளை வைத்து நடக்கும். மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வடிவியல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிடெக்டரின் ஒரு கன உருவம் இன்னொன்றுக்குள் கால் மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் ஓட்டம் நடக்கும், துகள் எந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்பதுதான் குழம்பும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதல் ஓட்டத்திலேயே போட்டுவிடுங்கள். அலகை எழுத மறக்காதீர்கள்: வெறும் 5 என்று எழுதினால் அது 5 மிமீ, நீங்கள் மனசில் வைத்திருந்த சென்டிமீட்டர் அல்ல.

கிளஸ்டரில் (கணினித் தொகுப்பில்) 100 வேலைகளை ஒரே நேரத்தில் அனுப்புபவர்களுக்கு ஒன்று. தொடக்க விதை எண்ணை நீங்கள் மாற்றாவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் அதே சமவாய்ப்பு எண் வரிசையில்தான் தொடங்கும். நூறு கோப்பும் ஒரே கோப்பின் நகல்கள். சேர்த்து வரைந்தால் புள்ளியியல் பிழை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும், தகவலோ ஒரு கோப்பு அளவுதான். இரண்டு கோப்புகளைத் திறந்து முதல் நிகழ்வின் ஆற்றலைக் கடைசி தசமம்வரை ஒப்பிட்டாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கையில் கிடைப்பது பொருளில் விழுந்த ஆற்றல் மட்டுமே, மின்குறிப்பு (சிக்னல்) அல்ல. இதற்கு நம்ம ஊர்ப் பக்கமே நல்ல உதாரணம் இருக்கிறது. தேனி மாவட்டம் போடி மலைப்பகுதியில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் திட்டமிட்ட ஐகால் டிடெக்டர்: 50 கிலோடன் காந்தமாக்கிய இரும்பு, ஒவ்வொன்றும் 5.6 செமீ தடிமனில் 151 அடுக்குகள், இடையிடையே ஆர்பிசி எனப்படும் வாயு டிடெக்டர்கள். திட்டத்தைச் சுற்றிய எதிர்ப்பும் வழக்குகளும் தெரிந்த கதை, அது வேறு கட்டுரைக்கு. டிடெக்டர் கட்டப்படவில்லை. ஆகவே மியூவானின் (எலக்ட்ரான் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) உந்தத்தை ஐகால் எவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வந்த எண்கள் ஜியன்ட்4-இல் கிடைத்த சிமுலேஷன் எண்கள்.

இங்கே ஆர்பிசி-யைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 3 மிமீ கண்ணாடித் தகடுகள் இரண்டு, நடுவில் 2 மிமீ வாயு. மியூவான் அந்த 2 மிமீ-ஐக் கடக்கும்போது எவ்வளவு ஆற்றல் விட்டது என்று ஜியன்ட்4 சொல்லும். அதன்பின் உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் பெருகுவது, அதன் தூண்டலில் சுமார் 3 செமீ அகலப் பட்டைகளில் ஒன்றிலோ இரண்டிலோ மூன்றிலோ மின்குறிப்பு எழுவது, சில சமயம் எதுவுமே எழாமல் போவது, இவை எதையும் அது தானாகச் செய்யாது. அந்தப் பகுதியை நாம்தான் எழுத வேண்டும், அளந்து எழுத வேண்டும். மதுரையில் 12 அடுக்கு ஆர்பிசி வைத்துக் காஸ்மிக் மியூவான்களைப் பதிவு செய்தார்கள். பிறகு 11 இரும்பு அடுக்குகள் கொண்ட, 85 டன் எடையுள்ள மினி-ஐகால் அங்கேயே வந்தது. ஒரு ஆர்பிசி-யின் நடுவில் திறன் எவ்வளவு, விளிம்பிலும் இடைவெளி தாங்கும் பொத்தான்களின் மேலும் எவ்வளவு குறைகிறது, ஒரு மியூவானுக்கு எத்தனை பட்டைகள் எழுகின்றன என்பதெல்லாம் அப்படிப்பட்ட கருவிகளிலிருந்துதான் கிடைக்கும். எல்லா இடத்திலும் 95 சதவீதம் என்று ஒரே எண்ணைத் தட்டிவிட்டால் நிரலுக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆகவே என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது வரைபடத்தை அல்ல. ஜியன்ட்4-இன் பதிப்பு எண், ஃபிசிக்ஸ் லிஸ்டின் பெயர், ஒவ்வொரு பகுதிக்கும் வைத்த வரம்பு, விதை எண்களை மாற்றிய விதம், ஆற்றலை மின்குறிப்பாக மாற்றப் பயன்படுத்திய அளவீடு எங்கிருந்து வந்தது, இத்தனையும் ஒரு பத்தியில் அடங்கும். பதிப்பு மாறும்போது ஹாட்ரான்களுக்கான (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்கள்) மோதல் மாதிரிகளும் மாறுகின்றன. இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதே நிரலை ஓட்டி வேறு எண் வந்தால், ஏன் என்று தேட இந்தப் பத்தியை விட்டால் வேறு வழியில்லை. அது இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், அடுத்த வாரம் கருத்தரங்கு என்று சொன்னாலும்.