"நிறுத்தணும்" என்று சொல்லும் அந்த நாள்

இலங்கையின் மலையகத்தில் எங்கள் உளநல கிளினிக் வியாழக்கிழமைகளில் நடக்கும். எட்டரைக்குத்தான் நம்பர் கொடுப்போம். ஆனால் தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிஷன்களில் இருந்து வருகிறவர்கள் ஏழு மணிக்கே வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வியாழன், ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (இங்கே நான் சொல்கிறவர்களின் வயது, தொழில், தோட்டம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

அந்தத் தாய் ஒரு துண்டுத் துணியை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே பழைய பல்ப் ஹோல்டர் ஒன்று, வயர் பிய்ந்தபடி இருந்தது. "இதுக்குள்ள கெமரா இருக்குன்னு சொல்லிக் கழட்டிப் போட்டுட்டான் டொக்டர். ஒரு மாசமா காம்பராவுல லைட் இல்ல." காம்பரா என்றால் லயத்து வீட்டு அறை.

பையனுக்கு 22 வயது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. இரவில் லொறி வந்தால் விடியும்வரை மூட்டை இறக்க வேண்டும். கூட வேலை செய்த ஒருவன், "இதை இழு, தூக்கம் வராது, களைப்பே தெரியாது" என்று கொடுத்ததுதான் ஐஸ் என்கிற போதைப்பொருள். முதலில் லொறி வரும் இரவுகளில் மட்டும். ஆறு மாதத்தில் லொறி வராத இரவுகளிலும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. தூங்கவில்லை, சாப்பிடவில்லை. இஸ்தோப்பில் (திண்ணையில்) யாராவது நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சண்டை. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் போனார்கள். தாயத்துக் கட்டினார்கள். தீபாவளி முற்பணம் முழுவதும் அதிலேயே போனது.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமின். மூளையில் உற்சாகத்தையும் விழிப்பையும் தருகிற இரசாயனங்களை அது ஒரேயடியாகக் கொட்டிவிடும். தொடர்ந்து பாவித்து, நாட்கணக்கில் தூக்கமும் இல்லாமல் போனால் சந்தேகம் வரும், காதில் குரல் கேட்கும், இல்லாதது தெரியும். இது பேயும் அல்ல, பிறவிப் பைத்தியமும் அல்ல. பாவனையை நிறுத்தி, தூக்கத்துக்கும் குழப்பத்துக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு வருகிற வெறுமையும் சோர்வும்தான் நீண்ட வேலை. அந்த நேரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வரலாம். வீட்டார் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தாய் பேசி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "நிறுத்தணும்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். அதை ஒருவர் எல்லா நாளும் சொல்வதில்லை. சொன்னால் ஒரு நாள், இரண்டு நாள் அந்த மனநிலை நிற்கும். அதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். "அடுத்த மாதம் வாங்க" என்று அனுப்பினால் அடுத்த மாதம் வருவது அவருடைய தாய் மட்டும்தான். இதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 இலிருந்து இருக்கிறது. 2022 இல் அதைத் திருத்தி, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். 2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி 'முழு நாடுமே ஒன்றாக' என்ற போதை ஒழிப்புத் தேசிய வேலைத்திட்டத்தை ஜனாதிபதி ஆரம்பித்து வைத்தார். பொலிஸ், பாடசாலை, மதத் தலைவர்கள், ஊர் மக்கள் எல்லோரையும் இதில் சேர்த்திருப்பதை மனதார வரவேற்கிறேன். தூள் விற்கிறவனைப் பிடிக்க வேண்டும்தான். விற்பனை குறைந்தால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் குறைவார்கள்.

ஆனால் ஒரு டவுனில் விற்கிறவனை இன்று பிடித்தால், அவனிடம் வாங்கிய இருபது பேருக்கு நாளைக்கே உடம்பு உதறும். அவர்கள் எங்கே போவார்கள்? தேசியத் திட்டத்தை நான் அளக்கிற அளவுகோல் இதுதான். பிடிபட்ட கிலோக் கணக்கைத் தொலைக்காட்சியில் காட்டுகிறோம். "நிறுத்தணும்" என்று வந்தவர் எத்தனை நாளில் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதையும் எண்ண வேண்டும். மலையகத்தில் அந்தக் கணக்கை எடுத்தால் வெட்கப்படும்படியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். போதை என்றால் இப்போது எல்லோரும் ஐஸையும் ஹெரோயினையும் பேசுகிறார்கள். என் வார்டில் கட்டில்களை நிரப்புவது இன்னமும் மதுதான். தவறணை என்கிற மதுக்கடைச் சாராயம், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கிற தவறு நல்ல மனதோடு நடக்கிற தவறு.

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் நிறையப் பேர் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். ஒரு மண்டலம் விரதம். வருடம் முழுக்கக் குடிக்கிற மனிதர்கூட மாலை விழுந்த நிமிடத்தில் இருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டார். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். எத்தனையோ வீடுகளில் அந்த 41 நாள்தான் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும் நாட்கள்.

ஒரு வருடம் அப்படி மாலை போட்ட ஒருவரை, மூன்றாம் நாள் நள்ளிரவில் கறுப்பு வேட்டியோடு லொறியில் ஏற்றி வந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை செய்கிறவர், 45 வயது இருக்கும். பதினைந்து வருடமாகத் தினமும் கசிப்பு. இரண்டாம் நாள் பஜனையில் கை நடுங்கியிருக்கிறது, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. "சாமி வந்திருக்கு" என்று கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் சுவரில் எறும்பு ஊர்கிறது, பூரான் ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட்டிருக்கிறார். இரவு வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதன் பிறகுதான் லொறியைத் தேடினார்கள்.

உடம்புக்குள் நடந்தது இதுதான். மது மூளைக்கு ஒரு பிரேக் மாதிரி. கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு டிரைவர் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். வருடக்கணக்கில் பிரேக் அழுத்தினால், மூளை ஈடுகொடுக்க எக்ஸிலேட்டரை மேலும் மேலும் மிதிக்கப் பழகிவிடும். ஒரே நாளில் பிரேக்கை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்தில் இருந்தே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். வைத்தியம் இல்லாவிட்டால் இதில் ஆள் இறந்தே போகலாம். ஹெரோயினை விட்டவர் வலியில் துடிப்பார். ஆனால் அந்தத் துடிப்பு மட்டும் உயிரை எடுப்பது அரிது. மதுவை விடும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். இது பலருக்குத் தெரிவதில்லை.

தடுப்பது சுலபம். நரம்பை அமைதிப்படுத்தும் டயசிபாம் வகை மருந்தை வைத்தியர் அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார். கூடவே தயமின் என்ற விற்றமின். ஒரு வாரத்துக்குள் ஆபத்துக் கட்டம் தாண்டிவிடும். பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சாராயமும் அந்த மாத்திரையும் ஒன்றாகப் போனால் மூச்சு அடங்கிவிடலாம். வலிப்பு வந்தால் ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், இரும்பு தேட வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

அந்த மனிதர் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவரைப் பார்க்க வந்த, மாலை போட்டு விடுகிற குருசாமி என்னிடம் கேட்டார்: "அப்ப குடிக்கிறவங்களுக்கு நான் மாலை போடக் கூடாதா டொக்டர்?"

"போடுங்க சாமி. பத்து நாளைக்கு முந்தி எங்ககிட்ட அனுப்புங்க" என்றேன்.

அடுத்த கார்த்திகைக்கு அவர் நான்கு பேரை அனுப்பினார். பிறகு காமன் கூத்துக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்களையும் அனுப்பத் தொடங்கினார். ஒரு சதம் செலவில்லாமல் ஒரு தோட்டத்தில் நடந்த காரியம் இது. மதத் தலைவர்களைத் திட்டத்தில் சேர்க்கிறோம் என்று கொழும்பில் சொல்லும்போது என் கண்ணுக்குத் தெரிவது அந்தக் குருசாமியின் முகம்தான். அவருக்கு யாரும் ஒரு மணித்தியாலப் பயிற்சிகூடக் கொடுக்கவில்லை.

ஹெரோயின் விஷயத்தில் வீட்டார் அறிய வேண்டியது ஒன்று. மறியலில் (சிறையில்) இருந்தோ புனர்வாழ்வில் இருந்தோ ஒரு பிள்ளை திரும்பி வந்தால், அவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூன்று மாதம் விட்டவன் பழைய அளவையே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மெதுவானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 க்கு அடியுங்கள். அதை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து உண்டு.

இனி, கட்டாயச் சிகிச்சை. 2007 இன் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் ஒருவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். விரும்பியும் போகலாம். 2023 இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் வந்தது. ஆனால் எங்கள் சனத்துக்குப் புனர்வாழ்வு என்றாலே கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம்தான் நினைவுக்கு வரும். 2022 இல் அங்கே நடந்த மோதலையும் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதையும் எல்லோரும் டீவியில் பார்த்தார்கள். அந்தப் பயத்தில் பிள்ளையை ஒளித்து வைக்கிறார்கள். கேட்டு வந்தவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவது வேறு, பிடித்துக் கொண்டுபோவது வேறு என்பதை அரசாங்கம் தமிழில், தோட்டம் தோட்டமாகச் சொல்ல வேண்டும்.

தமிழில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிலையத்தில் இருந்து திரும்பிய பையன் ஒருவனின் அறிக்கையில் "ஒத்துழைப்புப் போதாது" என்று எழுதியிருந்தது. கேட்டேன். குழுவாக உட்கார்ந்து பேசும் நேரம் முழுவதும் சிங்களத்தில் நடந்திருக்கிறது. கடைச் சிங்களம் அவனுக்கு நன்றாகவே வரும். விலை பேசுவான், சண்டை போடுவான். சின்ன வயதில் அப்பா தன்னை அடித்துக் குளிரில் வெளியே நிறுத்தியதை அவனால் சிங்களத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டான். ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவராவது இருக்க வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. தமிழில் பேச முடியாத தமிழ்ப் பிள்ளைக்கு அது சிகிச்சையே இல்லை.

அப்புறம் சம்பளம். கிளினிக்குக்கு வந்தால் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் கிடைக்காது. 2024 இல் கூட்டியபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் நான்கு வியாழன் என்றால் கணக்கு நீங்களே போடுங்கள், ஓட்டோக் காசு தனி. தோட்ட டிஸ்பென்சரியிலேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இதில் பாதி தீர்ந்துவிடும். பேசிப் பார்த்த ஒரு தோட்டத்தில் துரை (தோட்ட மேலாளர்) சம்மதித்தார், இடமும் கொடுத்தார். எங்களிடம்தான் அனுப்ப ஆள் இல்லை.

யாராவது உங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்துக்கு அன்றைக்கே அடியுங்கள். அவர்களுக்குக் கண்டியிலும் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மனநிலை குழம்பியிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. அல்லது பக்கத்து ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. பழையதைக் கிளறித் திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அறையில் பூட்டவோ கட்டிவைக்கவோ வேண்டாம்.

பல்ப் ஹோல்டரோடு வந்த பையனை அன்றைக்கே வார்டில் சேர்க்க முடிந்தது, ஒரு கட்டில் காலியாக இருந்ததால். பன்னிரண்டு நாள் இருந்தான். பிறகு இடையில் ஒருமுறை சறுக்கினான், மூன்று வியாழன் வரவில்லை. நாங்கள் போன் எடுத்தோம், நான்காவது வியாழன் வந்தான். இப்போது டவுனில் ஒரு வெல்டிங் கடையில் வேலை பழகுகிறான். போன வாரம் வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தான். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"மலைக்குப் போயிருக்காங்க டொக்டர். அவங்களுக்குப் பேர் விழட்டும்னு நான் தனியா வந்தேன்."