‘திருத்தம்’: சொல்லும் சட்டப் பொருளும்

நாடாளுமன்றம் கூடும் காலங்களில் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் சொற்களுள் ‘திருத்தம்’ ஒன்று. அரசமைப்புத் திருத்தம், சட்டத் திருத்தம், திருத்த மசோதா எனப் பல தொடர்களில் அது வருகிறது. ஆங்கிலத்தில் ‘அமெண்ட்மென்ட்’ எனப்படுவதற்கு ஈடாக இதை ஆளுகிறோம். ஆயினும் இது அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அண்மையில் ஆக்கிக்கொண்ட கலைச்சொல் அன்று. சட்டமன்றங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் வேர்விட்ட ஒரு வினையிலிருந்து பிறந்தது.

‘திருந்து’ என்பது தன்வினை, ‘திருத்து’ என்பது பிறவினை, ‘திருத்தம்’ என்பது அதிலிருந்து பிறந்த பெயர். வருந்து, வருத்து, வருத்தம் என்றும், பொருந்து, பொருத்து, பொருத்தம் என்றும் வரும் சொல்வரிசையைச் சேர்ந்தது இது. சங்கப் பாடல்களில் குறையின்றிச் செய்யப்பட்ட அணிகலனும் அதை அணிந்த பெண்ணும் ‘திருந்திழை’ எனப்படுவதைக் காணலாம். அங்கே பிழையைப் பற்றிய பேச்சே இல்லை. செம்மையாக அமைந்திருத்தல் என்பதுதான் பொருள். ஒருவர் திருத்தமாகப் பேசுகிறார் என்று இன்று நாம் சொல்லும்போதும் அந்தப் பழைய பொருளே பேசுகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித் தரிசை வயலாக்குவது நிலம் திருத்துதல். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். யாழ்ப்பாணத்தில் பழுதான சைக்கிளைத் திருத்தக் கொடுக்கிறார்கள். குறையைக் களைவது, செம்மையாக்குவது, பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் இவ்வொரு வினைக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனின் ‘எமெண்டாரே’. அதனுள் இருக்கும் ‘மெண்டும்’ என்பதற்குப் பிழை அல்லது மறு என்று பொருள். அதை வெளியே தள்ளுவது ‘எமெண்டாரே’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘அமெண்ட்’ ஆயிற்று. ஆகவே, ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில் தனித்தனியே வளர்ந்த இரு சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளில் வந்து சந்தித்திருக்கின்றன. ‘மாற்றம்’ என்று எழுதினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஆக்குவது மாற்றம். இருப்பதை வைத்துக்கொண்டு அதைச் செம்மையாக்குவது திருத்தம். ‘சீர்திருத்தம்’ என்பதோ ஒரு முறைமை முழுவதையும் தழுவிய பெரிய முயற்சியைச் சுட்டுவது. நிலச் சீர்திருத்தம், தேர்தல் சீர்திருத்தம் என்னும் வழக்குகளுக்கு அதை விட்டுவைப்பதே முறை.

சட்டத்தில் இச்சொல்லின் எல்லை எது என்பது இலக்கண வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. இந்திய அரசமைப்பின் 368-ஆம் உறுப்பு (ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிக்கிள்’) அரசமைப்பைத் திருத்தும் முறையைக் கூறுகிறது. 1971-இல் நிறைவேறிய 24-ஆவது திருத்தம், சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் என்ற மூன்று வழிகளிலும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று அதில் வெளிப்படையாக எழுதியது. நீக்குவதும் திருத்தமே என்றால், அடிப்படை உரிமைகள் முழுவதையும் நீக்கிவிட்டு அதற்கும் திருத்தம் என்று பெயர் சூட்ட முடியுமா? உச்ச நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் அமர்ந்து கேட்ட கேசவானந்த பாரதி வழக்கில் இதுவே மையக் கேள்வியாயிற்று. 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு, அரசமைப்பின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்றது. திருத்தம் என்றால் பழைய அரசமைப்பு தன் அடையாளத்தை இழக்காமல் மாற்றங்களோடு தொடர்ந்து வாழ வேண்டும் என்பது நீதிபதி எச். ஆர். கன்னாவின் விளக்கம். தமிழ்ச் சொல்லை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆசிரியர் திருத்திய பின்னும் அது அதே மாணவரின் விடைத்தாள்தான். கிழித்தெறிந்துவிட்டு வேறொன்றை எழுதி வைத்தால் அதைத் திருத்துதல் என்று யாரும் சொல்வதில்லை.

இந்திய அரசமைப்பைப் பொறுத்தவரை, சமவுரிமையோடு இச்சொல் முதன்முதலில் பிணைந்த இடம் சென்னை. 1920-களிலிருந்து சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணை, அரசுப் பணிகளையும் பின்னர்க் கல்லூரி இடங்களையும் சமூகங்களுக்கிடையே பகிர்ந்தளித்தது. அதன் பிற்கால வடிவத்தில், ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்கள் என்று அன்று ஆவணங்களில் குறிக்கப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முசுலிம்களுக்கு 1 என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1950-இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆணை நீதிமன்றத்துக்குப் போயிற்று. மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி அரசின் கல்வி நிலையங்களில் எவருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்னும் 29-ஆம் உறுப்பின் 2-ஆம் கூறான 29(2)-ஐ அது மீறுவதாக, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாணத்தில் பெரியார் முதலானோர் முன்னின்று நடத்திய கிளர்ச்சி வலுத்தது. சில வாரங்களிலேயே நாடாளுமன்றத்துக்கு வந்த முதலாவது திருத்தம், 1951 சூனில் சட்டமாகி, பாகுபாட்டைத் தடைசெய்யும் 15-ஆம் உறுப்பில் (4) என்னும் கூற்றைச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக அரசு தனி ஏற்பாடு செய்வதை அந்த உறுப்போ 29(2)-ஓ தடுக்காது என்பதே அக்கூற்றின் சாரம். அந்தத் திருத்தத்தின் பிற பகுதிகளை, குறிப்பாகப் பேச்சுரிமைக்குக் கூடுதல் வரம்புகளைக் கொண்டுவந்த பகுதியை, நான் இதே கண்ணோடு பார்க்கவில்லை. ஆனால் 15(4) சமத்துவத்தைக் குறைத்த விதிவிலக்கு அன்று என்பது என் உறுதியான கருத்து. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு நீர் விடுவோம் என்று சொல்லிவிட்டால் பயிர் ஒன்றுபோல் விளையாது. நிலத்தைத் திருத்த வேண்டும். அந்த உழவுப் பொருளில் 15(4) முழுமையான திருத்தம்.

வேலைவாய்ப்பின் நிலை சற்று வேறு. அரசுப் பணிகளில் போதிய பங்கு பெறாத பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம், 16(4) என்ற கூறாகத் தொடக்கத்திலேயே அரசமைப்பில் இருந்தது. ஆனால் அது பதவி உயர்வுக்குப் பொருந்தாது என 1992-இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு குறித்த மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது, 1995-இல் 77-ஆவது திருத்தம் 16(4ஏ)-வைச் சேர்த்துப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த வழியைத் திறந்தது.

உடன்வரும் சொற்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ‘மசோதா’ அரபியில் வரைவைக் குறிக்கும் ‘முசவ்வதா’விலிருந்து வந்தது, கருமையைச் சுட்டும் வேர் அதற்குள் இருக்கிறது, தாளை மையால் கறுப்பாக்குவதை நினைத்துக்கொள்ளலாம். அதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ‘சட்டமுன்வடிவு’ என்கிறது, இலங்கையில் ‘சட்டமூலம்’. ‘ஷரத்து’ என்று பழைய ஏடுகள் எழுதியதை அரசமைப்பைப் பொறுத்தவரை ‘உறுப்பு’ என்கிறோம். இலங்கையில் அது ‘உறுப்புரை’. இவை நான்கும் நல்ல சொற்கள். வேற்றுமொழிச் சொற்களை விட்டு இவற்றை ஆள்வதில் எந்த இடரும் இல்லை.

இறுதியாக, அடிக்கடி நேரும் ஒரு மயக்கம். அரசமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். சில பொருள்களில் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் இசைய வேண்டும். ஏனைய சட்டங்களுக்கு இத்தனை கடுமை இல்லை. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் துணிக்கடை, நகைக்கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஏற்பாடு, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் புதிய பிரிவாகச் சேர்க்கப்பட்டது. பணியிடத்தில் மனிதரின் மதிப்பைக் காக்கும் திருத்தம்தான் அதுவும். எனினும் அதற்காக அரசமைப்பின் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதால், அதனைச் ‘சட்டத் திருத்தம்’ என்றே எழுத வேண்டும். ‘அரசமைப்புத் திருத்தம்’ என்று எழுதுவது பிழை.