நாணல் தண்டுக்குள் வீசும் காற்று

ஏரிக்கரையில் பத்துக் குடில்கள் மட்டுமே கொண்ட ஒரு சூழல் விடுதியில் தங்கிவிட்டு வந்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். முதலாவது: "குளியலறை, கழிவறை, சமையலறைத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். ஒரு நாணல் பாத்தியைக் காட்டி, அதுதான் சுத்திகரிப்பு நிலையம் என்றார்கள். நம்பலாமா?" இரண்டாவது: "கதவின் கைப்பிடி வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாத்தியில் மட்டும் காய்ந்து முறிந்த தண்டுகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஏன்?"

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. தாவரவியலில் எனக்கு மிகப் பிடித்த அதிசயத்தின் வாசலில் போய் நின்றுகொண்டு, அது தெரியாமலேயே கேட்டிருக்கிறார்.

வெப்பமண்டல ஏரிக்கரை விடுதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூரையைப் பற்றியே எழுதுகிறார்கள். நீண்ட இறவாணம் வெயிலைத் தடுக்கிறது, எதிரெதிர் சன்னல்கள் காற்றை இழுக்கின்றன, தூண்மேல் நிற்கும் தளம் ஈரத்திலிருந்து தப்பிக்கிறது. எல்லாம் சரி. இவை பிசகினால் விருந்தாளிக்குப் புழுங்கும், அவ்வளவுதான். கழிவுநீர் பிசகினால் ஏரியே போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் நைட்ரஜனும் ஒன்றரை கிராம் பாஸ்பரஸும் வெளியேறுகின்றன, பெரும்பகுதி சிறுநீரில். 20 பேர் தங்கினால் 30 கிராம் பாஸ்பரஸ். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஆனால் பாசி தன் உடலைக் கட்டிக்கொள்ள மிகக் குறைந்த பாஸ்பரஸே போதும். ஒரு கிராமைக் கொண்டு, உலர்ந்த எடையில் சுமார் 100 கிராம் பாசி வளர்ந்துவிடும். ஆக அந்த 30 கிராம், நாளுக்கு மூன்று கிலோ உலர் பாசிக்கான விதை. பாசி செத்து அடியில் படிந்து அழுகும்போது, அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்தால், சேற்றில் இரும்போடு ஒட்டிக்கிடந்த பழைய பாஸ்பரஸும் விடுபட்டு மேலே வரும். அது மறுபடியும் பாசிக்கு உணவாகும். ஒருமுறை இந்தச் சுழலுக்குள் விழுந்த ஏரியை மீட்பது பெரும்பாடு.

பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்பது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் '226' என்று எண்ணிட்ட ஏரி ஒன்று உண்டு. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்த ஏரியின் இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பாதி மட்டும் பச்சைக் குழம்பாகத் தெரிந்தது. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்லி அரசுகள் சட்டம் போட்டதற்கு இந்தப் படமும் வலுச்சேர்த்தது. அப்படிப்பட்ட ஆய்வுக்களத்துக்கு இனி பணமில்லை என்று 2012-இல் கனடா அரசு அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2014-இல் வேறொரு நிறுவனம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. முழு ஏரியையே சோதனைக்குழாயாக வைத்து, பத்தாண்டுக் கணக்கில் காத்திருந்து பார்க்கிற இடங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே நிதி கொடுக்கும் வழக்கம், ஏரிகளைப் புரிந்துகொள்ள எந்த வகையிலும் உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, விடுதிக்கு வருவோம். கழிவுநீர் முதலில் செப்டிக் டேங்குக்குப் போகிறது. கனமானது அடியில் படியும், கொழுப்பு மிதக்கும், நடுவிலிருக்கும் கலங்கல் நீர் வெளியேறும். அந்த நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கிறது. அதை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனுக்கு 4.57 கிராம். 20 பேரின் 200 கிராமுக்கு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கிராம் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். அந்தக் கழிவை அப்படியே ஏரியில் விட்டால், நாள்தோறும் 1.2 லட்சம் லிட்டர் நீரின் மூச்சு முழுவதையும் அது பறித்துவிடும். அதே 900 கிராம், மூன்றரை கன மீட்டர் காற்றில் இருக்கிறது. ஒரு சிறிய குளியலறையில் அடைபட்ட காற்றைவிடக் குறைவு!

ஆகவே சுத்திகரிப்பு என்பதே, தலைக்கு மேல் கொட்டிக்கிடக்கும் ஆக்சிஜனைத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாக்டீரியாவிடம் கொண்டுசேர்க்கும் வேலைதான். தூரம் இரண்டடிகூட இல்லை. ஆனால் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பெரிய நிலையங்கள் மின்மோட்டார் வைத்துக் காற்றை ஊதுகின்றன. நாணலிடம் மோட்டார் இல்லை. அப்படியிருந்தும் ஆக்சிஜனே இல்லாத கருஞ்சேற்றுக்குள் அது கிழங்கு ஓட்டி, வேர் விட்டு வாழ்கிறது. எப்படி?

இதைத் தாமரையில் பார்ப்பது எளிது. நல்ல வெயில் வேளையில், நீருக்கு மேல் விரிந்து நிற்கும் தாமரை இலையின் நடுக்குழியில் சிறிது தண்ணீர் தேங்கியிருந்தால் உற்றுப் பாருங்கள். அதில் குமிழிகள் எழும். முதன்முறை இதைப் பார்த்தபோது, எங்கிருந்து வருகிறது இந்தக் காற்று என்று அசையாமல் நின்றுவிட்டேன். பிரான்சைச் சேர்ந்த ரஃபெனோ-டெலீல் 1841-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். காரணம் விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தாமரைத் தண்டை நறுக்கினால் உள்ளே துளைகள் தெரியும். அவை இலையிலிருந்து கிழங்குவரை தடையின்றி ஓடும் காற்றுக் குழாய்கள். வெயிலில் இலையின் உட்புறம் 35 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எங்கும் ஈரம். ஆகவே அங்குள்ள காற்றில் நீராவி நிறைந்திருக்கும். ஆயிரம் மூலக்கூறுகளை எண்ணினால் 55 நீராவி, மீதி 945 நைட்ரஜனும் ஆக்சிஜனும். வெளியே காற்று அவ்வளவு ஈரமில்லை; அங்கே ஆயிரத்தில் 25 நீராவி, 975 மற்றவை. ஒரு பக்கம் 975, மறுபக்கம் 945. அதிகமிருக்கும் இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுவது வாயுக்களின் இயல்பு. ஆகவே நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கின்றன. நீராவி வெளியேறுகிறதே என்று கேட்கலாம். வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் வேரிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால், போன நீராவியின் இடத்தை இலை உடனே நிரப்பிவிடுகிறது. ஆக உள்ளே 55 குறையாமலே நிற்க, 945 மட்டும் ஏறுகிறது. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதாவது, உள்ளே அழுத்தம் கூடுகிறது.

அழுத்தம் கூடினால் வந்த வழியே பீறிட்டு வெளியேறிவிடாதா? இங்கேதான் இலையின் நுட்பம் இருக்கிறது. இலைத் திசுவுக்குள் சல்லடைபோல் இருக்கும் இடைவெளிகள் மிக மிக நுண்ணியவை. காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாக 70 நானோமீட்டர்தான் பயணிக்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. துளையும் அந்த அளவை நெருங்கும்போது, காற்று கூட்டமாக முண்டியடித்து ஓட முடியாது. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே கடக்க வேண்டியதுதான். பரவலுக்கு வழியுண்டு, பீறிடலுக்கு வழியில்லை. அப்போது உள்ளே சேர்ந்த காற்றுக்கு எளிதான பாதை ஒன்றே ஒன்று: காம்பின் குழாய் வழியே கீழே, கிழங்குக்கு. அங்கிருந்து இன்னோர் இலையின் காம்பேறி, அதன் நடுத்தட்டில் இருக்கும் பெரிய துளைகள் வழியே வெளியேறுகிறது. நாம் பார்த்த குமிழி அதுதான். நுழையும்போது ஆக்சிஜன் நிறைந்த காற்று, வெளியேறும்போது கிழங்கு மூச்சுவிட்ட காற்று.

இலை வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் இன்னொரு விளைவும் சேர்ந்துகொள்ளும். நுண்துளைகளின் ஊடாக வாயு குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு நகரும் என்பதை 1879-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். ஜான் டேசி 1980-இல் மஞ்சள் அல்லியில் இந்தக் காற்றோட்டத்தை அளந்து, சயன்ஸ் இதழில் வெளியிட்டார். ஓர் இலை ஒரே நாளில் 22 லிட்டர் வரை காற்றை உள்ளே அனுப்பக்கூடும் என்பது அவருடைய ஆய்வுகள் சொன்ன கணக்கு. அழுத்தம் இருநூறு பாஸ்கல் அளவுதான். இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாங்கும். அது போதும். வால்வு இல்லை, சக்கரம் இல்லை, அசையும் உறுப்பென்று எதுவுமே இல்லை. வெயிலும் ஈரமும் நுண்துளையும் மட்டும் கொண்டு ஓர் இலை பம்பாகிவிடுகிறது. நாணலிலும் சம்பங்கோரையிலும் இதே வேலைதான் நடக்கிறது.

இந்த அழகில் மயங்கித்தான் ஒரு தவறும் நடந்தது. ஜெர்மனியில், ஏரிகள் சூழ்ந்த பிளோன் நகரில், கேட்டே சைடல் 1950-களில் நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்த்தார். பொறியாளர்கள் நம்ப மறுத்தபோதும் அவர் விடவில்லை. அவரைத் தொடர்ந்து ரைன்ஹோல்ட் கிக்குட் 1970-களில் வேர்மண்டல முறையைப் பரப்பினார். நாணல் வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனே மண்ணுக்குப் போதும் என்பது அன்றைய நம்பிக்கை. 1990-ஐ ஒட்டி டென்மார்க்கில் ஹான்ஸ் பிரிக்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் அளந்து பார்த்தார்கள். தண்டு வழியே இறங்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் வேரும் கிழங்கும் தாமே பயன்படுத்திக்கொள்கின்றன. மண்ணுக்கு மிஞ்சுவது அற்பம் என்று தெரிந்தது. நாணல் தனக்காக மூச்சு விடுகிறது. நம் கழிவுக்காக அல்ல.

இதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. பாத்தியையே மூச்சுவிட வைக்கலாமே என்று யோசித்தார்கள். தண்ணீரை எப்போதும் தேங்கவிடாமல், ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, நாளுக்குச் சில முறை மொத்தமாகப் பாத்தியின் மேல் கொட்டுவது. நீர் மணலுக்குள் இறங்கும்போது, பின்னாலேயே மேலிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. வடிந்தபின் மணல்மணிகளின் இடுக்குகளெல்லாம் காற்று. அவற்றின் மேல் படர்ந்திருக்கும் பாக்டீரியாப் படலம் அம்மோனியத்தை நிதானமாக நைட்ரேட்டாக்குகிறது. நிலம் சரிவாக இருந்தால் மின்சாரமும் தேவையில்லை. தொட்டி நிரம்பியதும் தானே கொட்டிவிடும் சைஃபன் போதும். அடுத்து ஜல்லிக்குள் நீர் மூழ்கி ஓடும் இரண்டாவது பாத்தி. அங்கே ஆக்சிஜன் இல்லாததால் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழே இருப்பதால் கொசுவும் இல்லை, நாற்றமும் இல்லை.

அப்படியானால் நாணல் எதற்கு? அதன் தண்டுகள் காற்றில் அசைந்து மணல் மேற்பரப்பு அடைத்துப்போகாமல் பார்த்துக்கொள்கின்றன. வேர்கள் பாக்டீரியாவுக்கு இடம் தருகின்றன. பாஸ்பரஸ் விஷயத்தில் நாணலின் பங்கு சிறிது. இரும்பும் கால்சியமும் நிறைந்த கல் அதைப் பிடித்துவைக்கும். சில ஆண்டுகளில் அதுவும் நிறைந்துவிடும், மாற்ற வேண்டும். ஆகவே பாத்தியில் வடிந்த நீரை ஏரியில் விடாமல், கரையிலிருந்து தள்ளியிருக்கும் மரங்களுக்குப் பாய்ச்சுவதே சரி. செடி வைத்தால் தண்ணீர் தானே சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அதன் பெயரால் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விட்டு, நீர்ப்பரப்பே தெரியாமல் மூடிப்போன ஏரிகள் எத்தனை! செடி உறிஞ்சியது செடியோடுதான் இருக்கிறது. அறுத்து வெளியே எடுத்தால் ஒழிய, அது அழுகி மறுபடி நீருக்கே திரும்பும்.

வாசகரே, உங்கள் விடுதியில் கேட்க வேண்டியவை மூன்று: பாத்தி இடைவிட்டு நனைகிறதா, எல்லாக் குடில்களும் நிரம்பும் நாளைக் கணக்கில் வைத்து அமைத்திருக்கிறார்களா, வடிந்த நீர் எங்கே போகிறது? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால் நம்பலாம்.

இனி அந்தக் காய்ந்த தண்டுகள். இரவில் வெயில் இல்லை. இலைப் பம்பு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அப்போதும் கிழங்கு மூச்சுவிட்டாக வேண்டும். இங்கிலாந்தின் ஜீன் ஆம்ஸ்ட்ராங், வில்லியம் ஆம்ஸ்ட்ராங், பெக்கெட் ஆகியோர் 1992-இல் நாணலில் கண்டது இது: முறிந்த தண்டின் வாய்க்குக் குறுக்கே காற்று வேகமாக வீசும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உயரமாக முறிந்து நிற்கும் தண்டின் மேல் காற்று வேகமாக வீசும். தரையோடு தரையாக முறிந்ததன் மேல் மெதுவாக. எனவே உயர்ந்த தண்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க, குட்டைத் தண்டு வழியே புதுக்காற்று கிழங்குக்குள் இறங்குகிறது. செத்த தண்டுகள், உயிருள்ள செடியின் புகைபோக்கிகள். ஏரிக்காற்று வீசும் இரவு முழுவதும் அந்த நாணல் அவற்றின் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது.

விடுதிக்காரர் அதை அறிந்து விட்டுவைத்தாரோ, வேறு யாராவது சொல்லிக்கொடுத்தார்களோ, விட்டுவைத்தது நல்லது. அறுவடைக்காக வெட்டுவதானாலும் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்ட வேண்டாம். குளத்தோரத்தில் நீரில் நிற்கும் நாணலை, நீர்மட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது விட்டு வெட்டச் சொல்லுங்கள். நீருக்கடியில் வெட்டினால் குழாய்களில் தண்ணீர் புகுந்து, கிழங்கு மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.