டேக்கி: ஒரு மட்டக்குதிரையின் பெயர் சட்டைக்கு வந்த கதை

ஒரு சட்டையைப் பார்த்து "ரொம்ப டேக்கி (tacky)" என்று யாராவது சொன்னால், அதில் என்ன குறை என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். துணி கிழிசலா? இல்லை. தையல் கோணலா? இல்லை. சாயம் போகிறதா? அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னமோ, ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த ஒரு மாதிரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று துருவினால், இந்தச் சொல் வந்த வழி முழுவதும் வெளியே வரும்.

முதலில் எழுத்து. டாக்கி என்று எழுதினால் பழைய பேசும் படம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் டேக்கி என்றே எழுதுகிறேன். இரண்டாவது, ஆங்கிலத்தில் இதே எழுத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. வண்ணம் பூசிய சுவர் முழுதாகக் காயாமல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அந்த நிலையைச் சொல்வது. அதன் பிறப்பு வேறு. உடையைத் திட்டும் டேக்கிக்கும் அதற்கும் உறவில்லை.

நம்முடைய டேக்கி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்தது. 1800-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே டேக்கி என்றால் குதிரை. அதுவும் நல்ல சாதிக் குதிரை கிடையாது. குள்ளமான, மெலிந்த, யாரும் பெரிதாகக் கவனிக்காத மட்டக்குதிரை. தென் கரோலினாவின் கடலோரச் சதுப்பு நிலங்களில் திரிந்த குதிரை இனத்துக்கு இன்றும் மார்ஷ் டேக்கி என்றுதான் பெயர். ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை. சேற்றில் சிக்காமல் நடப்பதில் கெட்டிக்காரக் குதிரைகள், பார்க்கத்தான் ராஜகளை இல்லை.

குதிரையிடமிருந்து பெயர் மனிதர்களுக்குத் தாவியது. இப்படிப்பட்ட குதிரையை வைத்துக்கொண்டு பிழைத்த ஏழை வெள்ளையர்களையும் டேக்கி என்று அழைக்கத் தொடங்கினார்கள். அப்புறம் மனிதர்களிடமிருந்து அவர்கள் உடுத்திய உடைக்கு. 1860-களிலேயே அழுக்கான, கந்தலான என்ற பொருளில் இது பெயரடையாகிவிட்டது. அதன்பின் வசதியானவர்கள் டேக்கி விருந்து என்று ஒன்று நடத்தினார்கள். வருகிறவர்கள் வேண்டுமென்றே ஏழைபோல, பொருந்தாத உடையில் வரவேண்டும். படுமோசமாக உடுத்தியவருக்குப் பரிசு. அடுத்தவன் வறுமை மாறுவேடப் போட்டியானது. கந்தல் என்ற பொருள் மெல்ல உதிர்ந்து, ரசனையில்லாத, மலிவாகத் தெரிகிற, மினுக்குகிற என்ற இன்றைய பொருள் நிலைத்தது. குதிரை மறந்துபோனது, ஏழை மறந்துபோனான், திட்டு மட்டும் தங்கிவிட்டது.

குதிரையின் பங்குக்கு ஒரு நல்ல செய்தி: 2010-இல் தென் கரோலினா மார்ஷ் டேக்கியைத் தன் பாரம்பரியக் குதிரையாக அறிவித்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன சொல், டேக்கி என்று திட்டுகிறவருக்கு வைத்திருக்கும் பெயரான ஸ்நாப் (snob). 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்நாப் என்றால் செருப்புத் தைப்பவர், அல்லது அவரிடம் வேலை பழகும் பையன். கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழக அங்கி அணியாத ஊர்க்காரர்கள் எல்லோரையும் ஸ்நாப் என்று கேலி பேசினார்கள். அதாவது அன்றைக்கு இகழப்பட்டவன்தான் ஸ்நாப். பிறகு, பெரிய மனிதர்களைப் பார்த்து அவர்களைப்போல நடந்துகொள்ள முயல்கிறவன் என்று பொருள் நகர்ந்தது. ஆங்கில எழுத்தாளர் தாக்கரே 1846-47-இல் பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் தொடராக எழுதி, 1848-இல் நூலாக வந்த அங்கதக் கட்டுரைகள் அந்தப் பொருளை ஊரெல்லாம் பரப்பின. அதற்கும் பிறகுதான், தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று நினைப்பவரை மூக்கைச் சுளித்துப் பார்ப்பவர் என்ற இன்றைய பொருள். கீழே இருந்தவனைக் குறித்த சொல், மேலிருந்து பார்ப்பவனுக்குப் பட்டமாகிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கட்டுக்கதையும் உண்டு. உயர்குடிப் பிறப்பில்லாதவர் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம்தான் ஸ்நாப், அந்தக் காலத்தில் மாணவர் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் அப்படிக் குறித்து வைத்தார்கள் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சான்றில்லை. செருப்புத் தைத்தவரிடமிருந்து வந்த சொல்லுக்கு லத்தீன் வம்சாவளி தேடியதே ஒரு ஸ்நாப்பு வேலைதான்.

இதையெல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்களின் குசும்பு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் சொற்களைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாகரிகம் என்ற சொல் நகரத்திலிருந்து வந்தது. நகரத்தான் செய்வதெல்லாம் நாகரிகம். அதற்கு எதிர்ப்பக்கம் பட்டிக்காட்டான். பட்டி என்றால் சிற்றூர், ஆடு மாடு அடைக்கிற இடமும்கூட. அங்கே குதிரையிலிருந்து வசவு பிறந்தது, இங்கே மாட்டுப்பட்டியிலிருந்து. குள்ளக் குதிரைக்கு நாம் வைத்த பெயர் மட்டக்குதிரை. தரம் குறைந்த துணிக்கு மட்டரகம். "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் அதில் வருகிற அற்பன் செய்த குற்றம் என்ன? புதிதாகக் காசு வந்தது, குடை வாங்கினான், அதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று நினைத்தான். இன்று மார்பு முழுக்க நிறுவனத்தின் பெயர் எழுதிய சட்டை போடுகிறவன்மேல் வைக்கும் குற்றச்சாட்டும் அதேதான். நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட சட்டையை ஆசை ஆசையாகப் போட்டவன் என்பதால் இந்தப் பழமொழி கொஞ்சம் குத்தும்.

யார் எதை உடுத்தலாம் என்று முன்பெல்லாம் சட்டமே சொல்லியது. இங்கிலாந்தில் 1363-லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. 1574-இல் முதலாம் எலிசபெத் அரசி வெளியிட்ட ஆணை, ஊதா நிறப் பட்டுத் துணியையும் பொன்னிழைத் துணியையும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் ஒதுக்கியது. 1604-இல் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. காசிருந்தால் வணிகனும் பட்டு உடுத்தலாம் என்றானது. சரி, இனி பிரபுவையும் வணிகனையும் எப்படிப் பிரித்தறிவது? அந்த வேலையை ரசனை எடுத்துக்கொண்டது. "நீ உடுத்தக்கூடாது" என்று சொல்ல முடியாத இடத்தில் "உனக்கு உடுத்தத் தெரியவில்லை" என்றார்கள். ரசனை என்பதே முதலில் அடுத்தவர் ரசனைமேல் வருகிற அருவருப்புத்தான் என்கிற பொருளில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் எழுதினார்.

எந்த ஆடை நிறுவனங்கள் டேக்கி என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வரும். எட் ஹார்டி, வான் டச், மைக்கேல் கோர்ஸ், பிலிப் ப்ளைன், பெரிய இரட்டை எழுத்துப் போட்ட குச்சி (Gucci) பெல்ட் ஆகியவை அடிக்கடி வாயில் அடிபடும் பெயர்கள். பட்டியலைவிட, ஒரு பெயர் அதற்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அதற்கு பர்பரியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1856-இல் தாமஸ் பர்பரி தொடங்கிய நிறுவனம் அது. மழைக்கு ஒதுங்காமல் நடக்கிறவர்களுக்கான கபார்டின் துணியால் பெயர் வாங்கியது; முதல் உலகப்போரில் அதிகாரிகள் அணிந்த நீள மேலங்கி அதன் அடையாளமானது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு, வெள்ளை கலந்த அந்தக் கட்டம் 1920-களில் மேலங்கியின் உள்துணியாகத்தான் வந்தது. உள்ளே. போட்டிருப்பவருக்குத் தெரியும், பொத்தானைக் கழற்றினால் பக்கத்திலிருப்பவருக்குத் தெரியும். பிறகு குடையிலும் கழுத்துத் துண்டிலும் அது வெளியே வந்தது. 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் கால்பந்து அரங்குகளில் தொப்பி தொப்பியாகத் தெரிந்தது. அசலும் போலியும் கலந்து, உழைக்கும் வர்க்க இளைஞர்கள் அதை ஆசையாகப் போட்டார்கள். உடனே மேல்தட்டு முகம் சுளித்தது. அந்த இளைஞர்களைச் சாவ் என்ற சொல்லால் ஏளனம் செய்தார்கள். ரோமா நாடோடி மக்களின் ரோமானி மொழியில் பிள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது என்பது சொல்லாய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. குதிரை, செருப்புத் தைப்பவர், நாடோடிக் குழந்தை என்று இந்தத் துறையின் வசவுகளுக்கு வேர் எப்போதும் ஒரே பக்கம்தான் போகிறது. சில மதுக்கூடங்கள் அந்தக் கட்டம் போட்டு வருகிறவர்களை உள்ளே விடவில்லை. 2004-இல் பர்பரி அந்தக் கட்டம் போட்ட தொப்பி விற்பதையே நிறுத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கட்டத்தை மீண்டும் உள்துணிக்குள் ஒளித்துத்தான் பழைய மதிப்பை மீட்டது. இத்தனைக்கும் கட்டத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

திசை மாறி நடந்த கதையும் உண்டு. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெமில் டாப்பர் டான் என்று அறியப்பட்ட தையல் கலைஞர் 1982-இல் ஒரு கடை திறந்தார். குச்சி, லூயி வித்தான் போன்ற நிறுவனங்களின் முத்திரைகளைத் தாமே தோலில் அச்சிட்டு, அந்த நிறுவனங்கள் கனவிலும் நினைக்காத பெரிய பெரிய மேலாடைகளாகத் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வாடிக்கையாளர்கள். நிறுவனங்கள் வழக்குப் போட, 1992-இல் கடை மூடப்பட்டது. 2017-இல் குச்சி தன் புதிய ஆடை அணிவகுப்பில் கை உப்பிய ஒரு மேலாடையைக் காட்டியது. 1989-இல் ஓட்டப்பந்தய வீராங்கனை டயேன் டிக்சனுக்கு டாப்பர் டான் தைத்துக் கொடுத்ததை அப்படியே நினைவூட்டியது அது. எதிர்ப்பு கிளம்பியது. பிறகு குச்சியே அவரோடு கைகோத்து, ஹார்லெமில் அவருக்கு ஒரு தையற்கூடத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. ஹார்லெமில் தைத்தபோது திருட்டு, மேடையில் நடந்தபோது படைப்பு.

துளைகள் போட்ட காலணியான கிராக்ஸும் இப்படித்தான். 2002-இல் வந்தது. 2010-இல் டைம் இதழ் அதை உலகின் 50 மோசமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2017-இல் பலென்சியாகா என்ற ஆடம்பர ஆடை நிறுவனம் அதற்கு உயரமான அடிப்பாகம் வைத்து மேடையேற்றியது.

எட் ஹார்டி கதையில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே உண்டு. டான் எட் ஹார்டி முறையாக ஓவியப் பள்ளியில் அச்சுக்கலை படித்தவர், ஜப்பானுக்குப் போய்ப் பச்சை குத்தும் கலையைக் கற்றவர், அந்தத் துறையில் மரியாதைக்குரிய பெயர். 2000-களின் நடுவில் அவர் வரைந்த புலியும் மண்டையோடும் உரிமம் வழியாகச் சட்டைக்கும் தொப்பிக்கும் போய், கல் பதித்து, எங்கு பார்த்தாலும் தொங்கின. சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயர் கேலிப்பொருளாகிவிட்டது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டானுக்கும் அதற்கு முன்பே இதே கதிதான். நூற்றுக்கணக்கான பொருள்களுக்குப் பெயரைக் குத்தகைக்கு விட்டார்.

முத்திரையின் அளவைப் பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. ஹான், நூன்ஸ், ட்ரெஸ் என்ற மூவர் 2010-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் எழுதியது. ஒரே ஆடம்பர நிறுவனத்தின் கைப்பைகளை ஒப்பிட்டால், முத்திரை பெரிதாகத் தெரியும் பைகள் பொதுவாக விலை குறைந்தவை. விலை ஏற ஏற முத்திரை அடங்கிப்போகிறது. உச்சத்தில் இருப்பவர் தம் போன்ற இன்னொருவருக்கு மட்டும் புரிகிற சைகையில் பேசுகிறார். அண்மையில் பேசப்பட்ட ஓசையில்லாத ஆடம்பரமும் இதுதான். பெயர் எழுதாத சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அடக்கத்தின் அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் தையலை அடையாளம் காணத் தெரியாதவரை வெளியே நிறுத்துவதில் அது பெரிய முத்திரையைவிடக் கெட்டி.

ஓசை என்றதும் நம் ஆடம்பரம் நினைவுக்கு வருகிறது. அது வடசொல்; சமஸ்கிருதத்தில் ஆடம்பரம் என்பது ஒரு பெரிய முரசு, அதன் பேரொலி. அதிலிருந்துதான் வெளிப்பகட்டு என்ற பொருள். அப்படிப் பார்த்தால் ஓசையில்லாத ஆடம்பரம் அடிக்காத முரசு. டாம்பீகமும் வடசொல்தான், அதன் மூலத்தில் வஞ்சனை, பாசாங்கு என்ற பொருள் உண்டு. இரண்டுமே டேக்கிக்குப் பொருந்தா. டேக்கியான சட்டை யாரையும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றத் தெரியாததுதான் அதன்மேல் உள்ள புகாரே.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? தரத்தைக் குறை சொல்வதானால் மட்டரகம் போதும். கண்ணைக் கூசும் மினுக்கைச் சொல்வதானால் பகட்டு, பேச்சில் ஜிகினா. டேக்கியில் இரண்டும் கலந்திருக்கிறது, கூடவே "இது எல்லோரிடமும் இருக்கிறதே" என்ற சலிப்பும். அதனால் மலிவுப் பகட்டு என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். விலை உயர்ந்ததையும் டேக்கி என்கிறார்களே, மலிவு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். எங்கும் நிறைந்து கிடைப்பதால் விலை குறைவது மலிவு. பர்பரி கட்டத்துக்கும் எட் ஹார்டியின் புலிக்கும் நடந்தது இந்தப் பழைய பொருளில் மலிவுதானே?

ஸ்நாப்புக்கு அகராதிகள் பகட்டர், இறுமாப்பர் என்றெல்லாம் தருகின்றன. பகட்டர் சரியில்லை, அது டேக்கிக்காரரைத்தான் குறிக்கும். பந்தா, சீன் போடுவது ஆகியவை காட்டிக்கொள்வதைச் சொல்கின்றன, இளக்காரமாகப் பார்ப்பதை அல்ல. எனக்குப் பிடித்தது மேட்டிமை. மேட்டில் நின்று பார்ப்பது காதிலேயே விழுகிறது. பழைய தமிழ் விவிலியத்தில் "மேட்டிமையான கண்" என்று ஒரு தொடர் வரும். உடையைப் பார்த்து ஆளை எடைபோடுகிற பார்வைக்கு இதைவிடக் கச்சிதமாக ஒன்று கிடைக்காது. ஆகவே ஸ்நாப் மேட்டிமைக்காரர், உடை விஷயத்தில் அவர் காட்டுவது உடை மேட்டிமை. "அந்தப் பையை மலிவுப் பகட்டு என்று ஒதுக்கியது அவருடைய உடை மேட்டிமை" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். ஆங்கிலச் சொல்லையே எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்நாப் என்று தந்நகரம் போடுங்கள். றன்னகரம் போட்டு ஸ்னாப் என்றால் ஒளிப்படம் எடுப்பதாக நினைத்துவிடுவார்கள்.