தாயை இழந்த பிள்ளை யார் வீட்டில் வளர வேண்டும்?

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இரண்டு வீட்டாரும் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு அப்புறம்தான் என்னைப் போன்ற வக்கீலுக்குப் போன் வரும். பெண்ணைப் பறிகொடுத்த அம்மா, "மாப்பிள்ளை பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேங்கறார், விடலாமா?" என்பார். இல்லையென்றால் அப்பா பேசுவார்: "என் பிள்ளையை என்கிட்டயே தர மாட்டேங்கறாங்க மேடம்."

விவாகரத்து வழக்கில் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் இருக்கும்; வழக்கை நடத்துவது ஒருவகையில் சுலபம். இங்கே இரண்டு தரப்பும் துக்கத்தில் இருப்பவர்கள். போன உயிரின் மிச்சமாகத்தான் இருவருமே அந்தக் குழந்தையைப் பார்க்கிறார்கள்.

முதலில் சட்டம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (அதாவது மைனர்) மற்றும் காப்பாளர் சட்டப்படி, அம்மா இறந்துவிட்டால் அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அதாவது கோர்ட் நியமிக்காமலே பிள்ளைக்குப் பொறுப்பானவர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகை தாய்க்கு மட்டும். அவருக்குப் பின் பாட்டிக்குத் தானாக வந்துவிடாது. சில வழக்குகளில் விவாகரத்தின்போது குழந்தையின் கஸ்டடி, அதாவது தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, அம்மாவுக்குக் கிடைத்திருக்கும், பிறகு அவர் இறந்துபோயிருப்பார். "கோர்ட்டே எங்க பொண்ணுக்குத்தானே கொடுத்தது" என்று அந்த உத்தரவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த உத்தரவு மகளின் பெயருக்கு வந்தது. அம்மாவின் பெற்றோர் புதிதாகத்தான் மனுப் போட வேண்டும். (இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் நிலை வேறு. அங்கே சிறு குழந்தையை வளர்க்கும் உரிமையில் தாய்க்கு அடுத்து தாயின் தாய் வருகிறார்.)

அப்படியானால் அப்பா வந்து கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமோ, குழந்தையின் வயது, காப்பாளராக வருபவரின் குணம், உறவின் நெருக்கம், இதுவரை குழந்தையோடு அவருக்கு இருந்த பழக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது.

உச்ச நீதிமன்றம் 2009-ல் முடித்த ஒரு வழக்கில், பிரசவத்தில் தாய் இறந்துவிட, குழந்தையைப் பிறந்ததிலிருந்து பாட்டிதான் வளர்த்தார். அப்பா கேட்டும் குழந்தை பாட்டியிடமே இருந்தது. 2019-ல் இன்னொரு வழக்கு. தாய்க்குப் புற்றுநோய், அப்பாவும் நோயில் விழுந்திருந்ததால் குழந்தை தாய்வழி உறவினரிடம் இருந்தது. தாய் இறந்தபின் அவர்கள் தர மறுத்தார்கள். அப்பாமேல் எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை, குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அங்கே அப்பாவுக்குத்தான் தீர்ப்பு.

என் அனுபவத்தில் பெரும்பாலான வழக்குகளைத் தீர்மானிப்பது இடைப்பட்ட காலம்தான். "இப்போதைக்குப் பாட்டிகிட்ட இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். பல நேரம் அது நல்ல முடிவுதான். அம்மாவை இழந்த குழந்தைக்குப் பழகிய வீடும் பழகிய பள்ளியும் வேண்டும். ஆனால் அந்த 'இப்போதைக்கு' மூன்று நான்கு வருடமாக நீள்கிறது. அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு வந்து கேட்கும்போது, எதிரில் நிற்கும் பிள்ளைக்கு அவர் எப்போதாவது பொம்மை வாங்கி வரும் விருந்தாளி. இரண்டாம் கல்யாணம் மட்டுமே தகுதிக் குறைவு ஆகாது. ஆனால் பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, முன்னேற்ற அறிக்கையில் போட்ட கையெழுத்து இதில் ஒன்றுகூட அப்பா பக்கம் இல்லையென்றால், அவர் வக்கீலுக்குப் பேச அதிகம் இருக்காது.

அதனால் குழந்தையைப் பாட்டி வீட்டில் விடும் அப்பாக்களுக்கு நான் சொல்வது: எதற்காக, எதுவரை விடுகிறீர்கள் என்று இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் யார் மனதில் என்ன இருந்தது என்று காட்டும். பணத்தை வங்கிக் கணக்கில் அனுப்புங்கள். எல்லாவற்றையும்விட, போய்ப் பாருங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று. அப்பா வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். போனை எடுக்காமல் இருப்பது, சொல்லாமல் பள்ளியை மாற்றுவது, "உங்கப்பனாலதான் உங்கம்மா போனா" என்று பிஞ்சு மனதில் போடுவது எல்லாம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். மரணத்திலேயே சந்தேகம் இருந்தால் அது வேறு கதை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நடந்த சந்தேக மரணம் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும், அந்த வாக்குமூலங்கள் கஸ்டடி வழக்கிலும் முக்கியம். வரதட்சணை மரண வழக்கை எதிர்கொண்ட ஓர் அப்பாவுக்குக் குழந்தையைத் தர 2008-ல் உச்ச நீதிமன்றம் மறுத்திருக்கிறது.

விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். "அப்பா வேணுமா, பாட்டி வேணுமா?" என்று நேராகக் கேட்பது குறைவு. யார் தலை பின்னிவிடுவாங்க, ஜுரம் வந்தா ராத்திரி யார் பக்கத்துல படுத்துப்பாங்க, இப்படித்தான் போகும். சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிள்ளை பாடம் மாதிரி ஒப்பிக்கும். கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்பநல நீதிமன்றத்தில் போட வேண்டும். ஸ்டேஷனுக்கு ஓடுவதில் பயன் குறைவு. பிள்ளையைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்கள், நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் விரிவான விசாரணை தேவைப்பட்டால் குடும்பநல நீதிமன்றத்துக்கே போகச் சொல்லிவிடுவார்கள். கஸ்டடி உத்தரவு நிரந்தரமும் அல்ல. குழந்தையின் நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்பது 1973-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம்.

இறந்த பெண்ணின் நகையையும் பி.எஃப். பணத்தையும் கஸ்டடியோடு முடிச்சுப் போடாதீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்தில் கணவருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம பங்கு. பிள்ளையின் பங்கில் வீடோ மனையோ இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாகூட விற்க முடியாது. விற்றால், பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

கடைசியாக, தீராத நோயோடு இருக்கும், பிள்ளையைத் தனியாக வளர்க்கும் அம்மாக்களுக்கு. அப்பா உயிரோடு இருக்கும்வரை உங்கள் உயில் அவரைத் தாண்டி இன்னொருவரைக் காப்பாளர் ஆக்கிவிடாது. ஆனாலும் எழுதுங்கள், உங்கள் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுத்தாக வேண்டும். யாரிடம் வளர வேண்டும் என்பதோடு, ஏன் என்றும் இரண்டு வரி எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள்.